ஆறாவது கட்டம்

கத்தரிக்கோலைத் தேடித்தான் மகளின் அறைக்குள் போனாள். கத்தரிக்கோல் கிடைக்கவில்லை, கிடைத்தது வேறொன்று. கட்டிலுக்கு மேலே சுவரில் ஒன்பது காகிதங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் குச்சிக் கையும் குச்சிக் காலுமாக ஒரு மனிதன். முதல் கட்டத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறான். இரண்டாவதில் படியிறங்குகிறான். தோளில் தொங்கும் பையையும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்த நடையையும் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்துநான்கு வருஷமாக அந்த நடைக்குப் பின்னால் நடந்தவள் அல்லவா? குச்சியால் வரைந்தாலும் புருஷன் புருஷன்தான்.

மகள் சினிமாக் கல்லூரியில் கடைசி வருஷம். ஒரு மனிதன் வேலைக்குப் போகிறான், பேச்சே கிடையாது, இரண்டு நிமிஷம். அவள் எடுக்கப்போகிற படம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கண்ணால் பார்க்காத எதையும் வரையாதே, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து வரை என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம். அப்படித்தான் அப்பாவுக்குத் தெரியாமல் பதினோரு நாள் அவர் பின்னால் போய்வந்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே நேரம் குறித்திருந்தது. நான்காவதில் பாலம், 6.52. ஐந்தாவதில் சிக்னல், 7.05. ஏழாவதில் அவர் வேலை செய்கிற கண்ணாடிக் கடையின் ஷட்டர், 7.50. நடுவிலிருந்த ஆறாவது கட்டம் மட்டும் காலி.

வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வீட்டில் அவர் அவளைக் கூப்பிடுவதே 'டைம்டேபிள்' என்றுதான். சிக்னலிலிருந்து கடைக்கு ஐந்து நிமிஷ நடை. மீதி நாற்பது நிமிஷம் எங்கே போயிற்று?

ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டால், அதற்கு முன்பே வந்து காத்திருந்தவையெல்லாம் எழுந்து வணக்கம் சொல்லும். இரண்டு மாதமாக அவர் சீக்கிரம் கிளம்புகிறார், கேட்டால் ஆர்டர் நிறைய என்கிறார். போன மாதம் கூடத்துப் பல்பு எரியாமல் போனபோது, முட்டி வலிக்கிறது என்று மகளை ஸ்டூலில் ஏறச் சொன்னவர், காலையில் மட்டும் விறுவிறுவென்று படியிறங்குகிறார். இரண்டு மாதம் என்றால், அவருடைய கூட்டாளி இறந்ததிலிருந்து. ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் வெளிப்பக்கக் கண்ணாடி மாட்டும்போது, பக்கத்தில் நின்றிருந்த கூட்டாளி விழுந்துபோனான். அன்று வீட்டுக்கு வந்து, "அவன் இனிமே வரமாட்டான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவளும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் நல்லது என்று நினைத்தாள்.

கூட்டாளியின் மனைவி அந்தச் சிக்னலுக்குப் பக்கத்துச் சந்தில்தான் குடியிருந்தாள். மூன்றாவது மாடி, முன்னால் ஒரு பால்கனி.

காலிக் காகிதத்தை மெல்ல உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அது வரையாமல் விட்டதல்ல, வரைந்து அழித்தது. பென்சில் அழுத்திய தடம் காகிதத்தில் பள்ளமாக இருந்தது. குட்டையாக ஒரு சுவர். அதற்குப் பின்னால் தனியாக நிற்கிற ஓர் உருவம். உயரத்தில். கூட்டாளியின் மனைவி பால்கனியில் நிற்கிறாள், இவர் கீழேயிருந்து பார்க்கிறார். மகள் இதைப் பார்த்திருக்கிறாள், வரைந்திருக்கிறாள், அம்மா கண்ணில் படக்கூடாதென்று அழித்தும் இருக்கிறாள்.

"ஆறாவதுல ஏன்டி ஒண்ணுமே இல்ல?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலம்மா."

"முடிவு பண்ணாததையா அழிச்சு வச்சிருக்க?"

மகள் அந்தக் காகிதத்தை வாங்கி, பழைய இடத்திலேயே கவனமாக ஒட்டினாள். "படம்னா நூறு தடவை அழிப்போம். உனக்குத் தெரியாதும்மா."

"ஆமா, எனக்குத்தான் எதுவுமே தெரிய வேண்டாமே."

சாப்பிடும்போது அவர் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன டைரக்டர், என்ன டைம்டேபிள்? என் மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஏழு அஞ்சுக்கு சிக்னல் தாண்டுற வண்டி ஏழு பத்துக்குக் கடைக்குப் போய்ச் சேரணும்" என்றாள் அவள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பல்லாம் ஏழு அம்பதுக்குத்தான் சேருதாமே. நடுவுல எங்கங்க நிக்குது?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "முதலாளி வந்து திறக்கற வரைக்கும் வெளியதான நிக்கணும். சாவி அவர்கிட்ட இருக்கு."

கதவுக்குப் பக்கத்து ஆணியில் கடைச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் சாப்பிட்டு முடிப்பது பெரிய பாடாக இருந்தது.

மறுநாள் காலை, டாக்டரிடம் போகவேண்டும் என்று பஸ் நிலையத்தில் பக்கத்து ஜன்னலில் உட்காருகிறவளிடம் போனில் சொல்லிவிட்டு அவர் பின்னால் கிளம்பினாள். பொய் தன் வாயிலிருந்தும் இவ்வளவு சுலபமாக வருமென்று அவளுக்குத் தெரியாது. பாலம். சிக்னல். மகள் எழுதியிருந்த நேரம் ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. சந்து வந்தது. அவள் நடையைத் தளர்த்தினாள். அவர் சந்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து, அதையடுத்த அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தார்.

காலை நேரம், கார்கள் அதிகமில்லை. மேலே எங்கோ அவருடைய ஷூச் சத்தம் கேட்டது. அவளும் ஏறினாள். முதல் மாடியில், படிக்குப் பக்கத்துத் தூணில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியில் அளவு குறிக்கிற மெழுகுப் பென்சில். 5, 12, 30, 60. இரண்டாவது மாடித் தூணில் 4, 9, 27, 60. அந்த ஏழின் நடுவே ஒரு சின்னக் கோடு. அவர் மட்டும்தான் ஏழை அப்படி எழுதுவார். மூன்றிலும் நான்கிலும் அப்படியே, சின்ன எண்ணில் தொடங்கி அறுபதில் முடிந்திருந்தது.

ஐந்தாவது மாடியில் அவர் நின்றிருந்தார். பையைக் கழற்றித் தூணடியில் வைத்துவிட்டு, இடுப்புயரச் சுவரின் விளிம்பில், அவளுக்கு முதுகைக் காட்டியபடி. குட்டைச் சுவர், தனியாக ஓர் உருவம், அதற்கப்பால் வெறும் ஆகாயம். அந்த அழித்த படத்துக்குள் பெண் யாரும் இருக்கவேயில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளை அழுத்தியது. "கூப்பிடாதம்மா. திடுக்குன்னு திரும்பிடுவாரு."

மகள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் கேமரா இல்லை. செல்போன் இருந்தது. திரையில் ஆம்புலன்ஸ் எண் தயாராக இருந்தது, அழைக்கிற பொத்தானுக்கு மேலே கட்டைவிரல்.

"நீ எங்கடி இங்க?"

"எதிர்க் கட்டடத்துலதான் எப்பவும் நிப்பேன். மேல ஏறி வர பயமா இருக்கும். இன்னைக்கு நீ உள்ள போறதப் பார்த்தேன்."

"பதினோரு நாளாவா?"

"பதினெட்டு. பதினோரு நாள் படத்துக்கு." மகள் அப்பாவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மிச்சம் சும்மா. யாராவது ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கணும்ல?"

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சுவரிலிருந்து முதலில் இடது கையை எடுத்தார், பிறகு வலது கையை. தோள்கள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. தலை மட்டும் குனிந்து கீழே பார்த்தபடியே இருந்தது. அவள் உதட்டுக்குள் நொடிகளை எண்ண ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரிய அவளுக்குக் கடிகாரம் வேண்டாம். இருபது. முப்பது. நாற்பதில் அவர் உடம்பு லேசாக முன்னால் ஆடி, நின்றது. மகளின் நகம் அவள் உள்ளங்கையில் பதிந்தது. ஐம்பத்தொன்பது. அறுபது.

அவர் சட்டென்று இரண்டடி பின்னால் வந்து தூணில் சாய்ந்தார். வாயைத் திறந்து மூச்சு விட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தூணில் எழுதினார். இருவரும் படிக்கட்டின் வளைவில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"அந்தத் தூணையெல்லாம் நீ படிக்கலயா?" என்று அவள் காதோடு கேட்டாள். "அன்னைக்கு ஸ்டூல்லகூட ஏற மாட்டேன்னாரே. முட்டி இல்லடி, பயம். அந்தப் பயத்தோட நிக்கப் பழகுறாரு. ஒவ்வொரு மாடியா."

மகள் வளைவிலிருந்து எட்டி அப்பாவைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா பழகுறாரு?"

அவள் வாயில் பதில் இருந்தது. வேலைக்குத்தான், வேறெதற்கு, மறுபடியும் வெளிப்பக்கக் கண்ணாடி மாட்டத்தான். ஆனால் சொல்லுமுன், ஆணியில் தொங்கிய சாவி ஞாபகம் வந்தது. கூட்டாளி இறந்த அன்று அவர் குளித்துவிட்டு வெகுநேரம் ஈரத்துண்டோடு நின்றது ஞாபகம் வந்தது.

அவர் பையை எடுக்கவில்லை. இறங்குகிற பக்கமும் வரவில்லை. ஷூச் சத்தம் மேலே போனது. மேலே இருப்பது ஒரே மாடி, அதற்குக் கூரை கிடையாது.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மகளும் குனிந்து தன் ஷூவைக் கழற்றினாள். அவர் ஒரு படி வைக்கும்போது இவர்களும் ஒரு படி, அவர் நிற்கும்போது இவர்களும் நின்று, சில்லென்ற சிமெண்டில் வெறுங்காலோடு, வெளிச்சம் வருகிற பக்கமாக ஏறினார்கள்.