இடது பக்கம் இல்லாத என்ஜின்

அத்தானுக்கு வாய்தான் மூலதனம். டைல்ஸ் கடையில் விரிசல் விட்ட கல்லைக்கூட "இது டிசைன் சார்" என்று தலையில் கட்டி அனுப்பிவிடுவார். அந்த வாயால்தான் போன வருஷம் மனைவியின் தங்கை வரைந்த என்ஜினைத் தன் என்ஜினாக்கிக்கொண்டார்.

தங்கைக்காரிக்குத் தொழில், கம்ப்யூட்டரில் சமையலறை அலமாரி வரைவது. மாதிரி ரயில் சங்கத்தில் 'அலமாரிக்காரி' என்றால்தான் தெரியும். மிச்ச நேரமெல்லாம் அதே திரையில் நீராவி என்ஜின் வரைவாள். முழங்கால் உயரம்தான், ஆனால் கரி போட்டால் நிஜமாகவே புகைவிட்டு ஆட்களை இழுக்கும். அவள் வரைந்ததை அத்தான் பட்டறையில் கொடுத்து வெட்டிப் பூட்டினார், கண்காட்சியில் கேடயம் வாங்கினார். என்ஜின் நெற்றியில் பித்தளைத் தகடு. அதில் அவர் பெயர் மட்டும்.

"என் பேரு எங்க அத்தான்?"

சங்கமே கேட்கச் சிரித்தார். "வரைஞ்சது கம்ப்யூட்டர், வெட்டினது மெஷின். நீ என்னம்மா பண்ணின? விரலை ஆட்டின!"

சிரிப்பு அன்றே அடங்கியது. அவள் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

புது என்ஜின் ஒன்று வரைந்தாள். வலது பக்கத்தை இழைத்து இழைத்து முடித்தாள். இடது பக்கத்தை வெறுமையாக விட்டாள். பிறகு அக்காவையும் அத்தானையும் சாப்பிடக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டு காபி போடப் போனாள். திரும்பி வந்தபோது அத்தான் சட்டைப்பையில் பென் டிரைவைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரே தூசிம்மா."

"துடைச்சிட்டீங்களா அத்தான்?"

"சுத்தமா!"

பாதிப் படம் கிடைத்தால் அரைகுறைக்காரன் என்ன செய்வான்? மிரர் பட்டனை அழுத்துவான். வலது பக்கம் அப்படியே இடது பக்கமாகிவிடும். அலமாரிக் கதவுக்கு அது சரி. என்ஜினுக்கு ஆகாது. சக்கரத்தைச் சுழற்றும் இரண்டு பக்கத்துத் தண்டுகளும் கால் சுற்று முன்பின்னாக இருக்க வேண்டும். ஒன்று நேராக நீட்டி முடங்கும்போது மற்றது சக்கரத்தைத் தள்ளிவிடும். இரண்டும் சேர்ந்தே முடங்கும் இடத்தில் வண்டி நின்றுவிட்டால், எவ்வளவு நீராவி விட்டாலும் கிளம்பாது. திரையில் இது தெரியவே தெரியாது. அங்கே சக்கரத்தைச் சுற்றுவது கம்ப்யூட்டர். பட்டறையிலும் அத்தான் கையால் ஒரு தள்ளு தள்ளித்தான் ஓட்டிப் பார்த்தார்.

கண்காட்சி நாளில் கொடி காட்டும் வேலையை அவளே கேட்டு வாங்கினாள்.

"குடுங்க, குடுங்க," என்றார் அத்தான். "விரலை ஆட்டத் தெரிஞ்சவளுக்குக் கொடி ஒரு கஷ்டமா?"

புது என்ஜின், புதுத் தகடு, அதே பெயர். ஓட்டுவது அத்தான். பின்பெட்டியில் சிறப்பு விருந்தினரும், சங்கத் தலைவரான பல் டாக்டரும். அவள் கண் தண்டைவிட்டு நகரவில்லை. முதல் சுற்றில் அந்த நொடி தவறிப்போக, அத்தான் ஒரு நூலிழையில் தப்பித்தார். இரண்டாவது சுற்றில் வண்டி ஊர்ந்து வர, தண்டு நேராக நீளும் நொடியில் சிவப்புக் கொடி எழுந்தது. பிரேக். வண்டி நின்றது.

பச்சைக் கொடி காட்டினாள். அத்தான் நீராவியைத் திறந்தார். 'உஸ்' என்றது, அசையவில்லை. இன்னும் திறந்தார். அத்தான் முகம் கொதிகலனைவிடச் சிவந்தது.

"என்னய்யா, கடையைச் சாத்திட்டீங்களா?" என்று இறங்கிய டாக்டர், சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல ஒரு பக்கம் குனிந்தார், மறுபக்கம் குனிந்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்குதே! இதை எந்தப் புண்ணியவான் வரைஞ்சது?"

'நான்' என்று சொன்னால் முட்டாள். 'அவள்' என்று சொன்னால் திருடன். அத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். "இவதான் வரைஞ்சா," என்றார்.

"வலது பக்கம் மட்டும்தான் டாக்டர்." செல்போனில் படத்தை நீட்டினாள். "இடது பக்கம் அத்தானோட சொந்தச் சரக்கு. எங்கிட்ட கேட்டிருந்தா அதையும் வரைஞ்சு குடுத்திருப்பேன்."

கூட்டம் சிரித்தது. போன வருஷத்துச் சிரிப்பேதான்; ஆள்தான் மாறியிருந்தது.

அத்தான் அவள் காதோரம் வந்தார். "மானத்தை வாங்காதம்மா. சரி பண்ணிக் குடு. தகட்டுல பாதி உன் பேரு."

"போன வருஷத்துத் தகட்டைக் கழட்டி என் பேரை முழுசாப் போடுங்க," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இதுல உங்க பேரு அப்படியே இருக்கட்டும். ரொம்பப் பொருத்தம்."

"சரிம்மா," என்றார். அந்த வாயிலிருந்து அவ்வளவு சின்னச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, தன் பெயர் போட்ட என்ஜினைத் தள்ள ஆரம்பித்தார். அவள் பச்சைக் கொடியை ஆட்டினாள், ஒற்றை விரலால்.