அடைகல்லில் கட்டிய பல்

எங்கள் கிளேர் மாவட்டத்தில் பல் பிடுங்க டாக்டரைத் தேடிப் போகிறவன் பணக்காரன். மற்றவர்கள் கொல்லுப்பட்டறைக்கு, அதாவது என்னிடம் வருவார்கள். கம்பியின் ஒரு முனையைப் பல்லிலும் மறுமுனையை இரும்படிக்கும் அடைகல்லிலும் கட்டுவேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மூக்குக்கு நேரே நீட்டுவேன். ஆள் பதறிப் பின்னால் துள்ளுவான்; பல் கம்பியோடு நின்றுவிடும். அழுதவர்களை எல்லாம் "நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா?" என்று கேட்டு அனுப்பிய மகா வீரன் நான்.

அந்த வீரனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. சம்மட்டியை ஓங்கினால் மண்டைக்குள் இடி இறங்கியது. கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, உலையை அணைத்துவிட்டு, காற்று சரியில்லை, கரி ஈரம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். லாடம் அடிக்க வந்த குதிரைகள் ஒவ்வொன்றாக மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் கல்ஹேன் பட்டறைக்குத் திரும்பின. இப்படியே போனால் என் பட்டறையில் கோழிதான் அடையும்.

என் மனைவி கோப்னட் பொறுக்கமாட்டாமல் ஒரு காலையில் தானே உலையை மூட்டினாள். பல்லைக் கம்பியில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். கட்டினேன். வாசலில் பெஸ்டி கிழவரும் அவர் கூட்டாளிகளும் புகையிலைச் சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

அவள் இரும்பை நீட்டினாள். நான் அசையவில்லை. காய்ந்த இரும்பு முகத்துக்கு நேரே வருவது எனக்குத் தினப்படி சங்கதி. பயப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. வாயில் கம்பியோடு, இரும்பு அளவுக்கு மேல் காய்ந்து வெள்ளையாகிவிட்டது, வீணாய்ப் போகும் என்று அவளுக்குப் பாடம் வேறு நடத்தினேன். பெஸ்டி சிரித்துச் சிரித்து இருமினார்.

கோப்னட் இரும்பைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம குதிரைக்கு நேத்து கல்ஹேன்கிட்டதான் லாடம் அடிச்சுட்டு வந்தேன்."

"என்னாடி சொன்ன?" என்று துள்ளினேன். பல் கம்பியில் தொங்கியது.

வாசலே சிரித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, என்னைத் துள்ளவைக்கத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்ற நிம்மதியில் கொட்டடிக்குப் போய்க் குதிரையின் காலைத் தூக்கினேன். புது லாடம். என் கைவேலை இல்லை. ஏதாவது குறை கிடைக்குமா என்று வெகுநேரம் தடவிப் பார்த்தேன். குளம்போடு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, படுபாவி. அவமானத்தில் காது சுட்டது.

கோப்னட் பின்னால் வந்து நின்றாள். "கழட்டிட்டு நீங்களே அடிக்கிறீங்களா?"

"இருக்கட்டும்," என்றேன். "தானா தேயட்டும்."