வீட்ல சார் நல்லாருக்காங்களா

காலை ஒன்பதரைக்கு ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. எழிலரசி குனிந்து உள்ளே தலையை நுழைத்தபோது, விளக்குப் போடாத கடைக்குள்ளிருந்து அவளுடைய குரலே அவளை வரவேற்றது.

"வாங்கம்மா. சாப்டீங்களா? வீட்ல சார் நல்லாருக்காங்களா?"

ஒரு வாரமாக இந்தக் குரலைக் கேட்கிறாள். இன்றைக்கும் ஒரு கணம் தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். வாட்ச்மேன் சாமிக்கண்ணு சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நேத்து பூட்டுன பொறவும் பேசிக்கிட்டுதாம்மா இருந்துச்சு. எலி குறுக்க போனாக்கூட வீட்ல சார் நல்லாருக்காங்களான்னு கேக்குது. எலிக்கு ஏதும்மா சார்."

சிதம்பரம் தெற்கு வீதியில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டில், 'பால்வலு' சத்துமாவுக்காக நாலு வருஷமாக நிற்கிறாள் எழிலரசி. நிற்பதுதான் உத்தியோகம். கீரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடி வருவாள், சிவப்புச் சேலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக எட்டு மணி நேரம் நிற்பாள், மறுபடி பஸ்ஸில் நின்றபடி போவாள். டப்பாக்கள் ஆட்களின் கண் மட்டத்துத் தட்டில், பெயர் முன்னால் தெரியும்படி இருக்க வேண்டும். போட்டிக் கம்பெனி டப்பா ஏதாவது அங்கே வந்து உட்கார்ந்திருந்தால், யாரும் பார்க்காதபோது கீழ்த்தட்டுக்கு அனுப்பிவிடுவாள். அந்தக் கம்பெனிக்காக நிற்கிற பெண்ணும் பதிலுக்கு அதையே செய்வாள். இதில் இருவருக்கும் மனத்தாங்கல் கிடையாது, டீ சேர்ந்துதான் குடிப்பார்கள். பத்து, இரண்டு, ஆறு மணிக்கு ரேக்கோடு சேர்த்து செல்ஃபி எடுத்து கம்பெனி குரூப்பில் போட வேண்டும்.

போன வாரத்திலிருந்து அந்த செல்ஃபியில் இரண்டு எழிலரசிகள்.

இன்னொருத்தி, அவள் படத்தை அச்சடித்து ஆளுயரத்துக்கு வெட்டி நிறுத்திய அட்டை. நாலு விரல் உயரம் கூடுதல். நிறத்தைத் தூக்கி, இடுப்பைக் குறைத்து, முன்பல் இடுக்கை அடைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று இப்படி இருந்திருந்தால் மாமியார் இரண்டு பவுனாவது குறைத்துக் கேட்டிருப்பாள் என்று முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் சிரிக்க முடியவில்லை. அட்டையின் கழுத்துக்குக் கீழே பொட்டு அளவில் ஒரு கண்ணாடிக் கண். எது அசைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும், உடனே பேசும். பேசுவதற்கு முன்னால் லேசாகத் தொண்டையைச் செருமும். அது எழிலரசியின் செருமல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது என்பது உத்தரவு. அதனால் அட்டை முடிக்கும் வரை இவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பழகிவிட்டது. நேற்று வீட்டில் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட வாயெடுத்தவள், வேறு யாரோ கூப்பிடுவார்கள் என்பதுபோல ஒரு நிமிஷம் சும்மா நின்றாள்.

எல்லாம் கம்பெனி சூப்பர்வைசர் செம்பியன் செய்த வேலை. அவளைவிட எட்டு வயது இளையவன், ஆனால் லேப்டாப் பை வைத்திருந்ததால் சார். போன மாதம் கடலூரிலிருந்து வந்தவன், "புதுப் பொண்ணுங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கணும்கா. நீங்க வழக்கமாப் பேசுறத அப்பிடியே ரெக்கார்ட் பண்ணிக்கிறன்" என்று போனை நீட்டினான். அந்த நேரம் பார்த்து ராஜாம்பாள் வந்தாள். மேல வீதிக்காரி. வாதம் வந்து படுத்துவிட்ட புருஷன் சபாநாயகத்துக்கு மாதம் ஒரு டப்பா வாங்குவாள். ட்ரெய்னிங் என்பது மறந்துபோய் எழிலரசி அவளிடம் பேசினாள். அந்தப் பேச்சுத்தான் அட்டையின் வாய்க்குள் போனது.

"சிதம்பரம், கடலூர், வடலூர்னு ஒரே நேரத்துல மூணு ஊர்ல நிக்கிறீங்கக்கா" என்று அட்டையை இறக்கிய அன்று செம்பியன் பெருமையாகத்தான் சொன்னான். மூன்று ஊரிலும் நின்ற பெண்களுக்கு முப்பதாம் தேதியோடு வேலை கிடையாது என்பதைத் தரையைப் பார்த்துச் சொன்னான். அவனும் கல்மனசுக்காரன் இல்லை. "ஒரே ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் புக்குல எழுதட்டும்கா. எழுத்துல ஒண்ணு இருந்தா இந்தக் கடையிலேருந்து எடுத்துடச் சொல்லி மேல பேசுவன்" என்றான்.

யாரும் எழுதவில்லை. பிள்ளைகள் அதன் முன்னால் முன்னும் பின்னும் குதித்துப் பேசவைத்தார்கள். அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பையன்கள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எழிலரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று முப்பது. நேற்றுத்தான் அவள் ராஜாம்பாளுக்குப் போன் செய்தாள். சபாநாயகம் போய் இருபது நாள் ஆகியிருந்தது. காரியத்துக்குப் போய் ராஜாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தவள்தான் எழிலரசி. "ஒருதடவ கடப்பக்கம் வாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். வந்தால் அட்டை கேட்கும். கேட்டால் அழுவாள். அழுதால் எழுதுவாள். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இரவு சோற்றில் கைவைக்கத் தனக்கே கூசியது.

பதினொரு மணிக்குச் செம்பியன் வந்து சேர்ந்தான். சற்றுப் பின்னால் ராஜாம்பாள் வந்தாள். குங்குமம் இல்லாத நெற்றி அகலமாகத் தெரிந்தது, ஆள் பாதியாகியிருந்தாள். எழிலரசி கம்ப்ளெயின்ட் புக்கோடு ரேக்குக்கு ஓரமாக நின்றாள். பேனா மூடியை முன்பே கழற்றியிருந்தாள்.

அட்டை தொண்டையைச் செருமியது.

"வாங்கம்மா. சாப்டீங்களா? வீட்ல சார் நல்லாருக்காங்களா? ரெண்டு ஸ்பூன் பால்ல கலந்து குடுங்க. தெம்பா எந்திரிச்சு நடப்பாங்க."

ராஜாம்பாள் நின்றுவிட்டாள். அவள் அட்டையின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லாருக்காரும்மா" என்றாள்.

ராஜாம்பாள் ஓரடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தாள். அட்டை மறுபடி கேட்டது.

"ராத்திரி நல்லாத் தூங்குனாரு. காலையில கஞ்சி குடிச்சாரு."

"அம்மா. அது அட்டைம்மா. நான் இங்க இருக்கன்."

"தெரியும்மா." ராஜாம்பாள் திரும்பவில்லை. "நீ காரியத்துக்கு வந்து உக்காந்திருந்தவ. உனக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதுல்ல."

எழிலரசி புத்தகத்தை நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் ராஜாம்பாளின் கை காலியாக இல்லை. கண் மட்டத்தில், எழிலரசி காலையில் பெயர் முன்னால் தெரியத் திருப்பி வைத்த டப்பாக்களில் ஒன்றை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

செம்பியன் அதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டான். மேலேயிருந்து வந்த பதிலைப் படித்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"ரெண்டு மணி செல்ஃபி வேணாங்கக்கா. கார்ட மட்டும் குடுத்துட்டுக் கெளம்புங்க."

அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தவன், அட்டையின் கழுத்தில் மாட்டினான். கண்ணாடிக் கண்ணை மறைக்கிறது என்று கயிற்றைக் கொஞ்சம் தள்ளிவிட்டான்.

வாசலில் சாமிக்கண்ணு எழுந்து நின்றார். கழுத்தில் கார்டு இல்லாமல் வெளியே போகிறவர்களின் பையைச் சோதிக்க வேண்டும், மேலே கேமரா இருக்கிறது. அவர் வாய் திறக்குமுன் அவளே பையைத் திறந்தாள். தண்ணீர் பாட்டில், சீப்பு, டிபன் பாக்ஸ்.

"போதும்மா" என்றார் அவர்.

உள்ளேயிருந்து எழிலரசியின் குரல் கேட்டது. சற்றுப் பொறுத்து ராஜாம்பாள் ஏதோ பதில் சொன்னாள். எழிலரசி டிபன் பாக்ஸின் மூடியையும் திறந்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.