பூட்சுக்குள் இருந்த கரண்டி

ஏப்ரல் கடைசி ஞாயிறு. பெரணிகள் இன்னும் சுருள் அவிழவில்லை. அவிழ்ந்துவிட்டால் தரை தெரியாது. லாட்வியாவின் மேற்குக் காட்டில் இல்மார்ஸும் அவர் மனைவியின் தம்பி குந்திஸும் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் எலும்புகளைத் தேடி, காலையிலிருந்து மெட்டல் டிடெக்டரைத் தரைமேல் அசைத்தபடி நடந்தார்கள். கிடைத்தவை தோட்டா உறைகள், ஒரு லாடம், நிறைய மீன் டப்பாக்கள்.

"சண்டை போட வந்தானுங்களா, மீன் திங்க வந்தானுங்களா?" என்றான் குந்திஸ்.

"இது போன வருஷத்து டப்பாடா. நீ போட்டதாத்தான் இருக்கும்."

பழைய பதுங்குகுழியின் விளிம்பில் கருவி தெளிவாக ஒலித்தது. இல்மார்ஸ் முழங்காலிட்டுத் தோண்டினார். பூட்சின் தோல். உள்ளே கால் எலும்பு. அதை ஒட்டி, சிப்பாய்கள் பூட்சில் சொருகி வைக்கிற மாதிரி, ஓர் அலுமினியக் கரண்டி.

எலும்பு தெரிந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். மீதியை அதற்கென்று இருக்கும் குழு வந்து எடுக்கும். குந்திஸ் தொப்பியைக் கழற்றிச் சற்று நின்றான். பிறகு சிக்னல் தேடி மேட்டில் ஏறினான்.

இல்மார்ஸ் கரண்டியைச் சட்டையில் துடைத்தார். காம்பில் ஆணியால் கீறிய எழுத்துகள். ஆர்வித்ஸ் லக்ஸ்தின்ஷ். அடியில் ஊர்ப்பெயர்.

அவருடைய அப்பாவின் பெயர். அப்பாவின் ஊர்.

அப்பா போரிலிருந்து திரும்பி வந்தவர். மர ஆலையில் அம்மாவைச் சந்தித்துக் கல்யாணம் செய்து, இல்மார்ஸ் பள்ளியில் படிக்கும்போது தூக்கத்தில் இறந்தார்.

"குந்திஸ்! அடுத்தவன் கரண்டிய எவனாவது பூட்சுல சொருகுவானா?"

"அடுத்தவன் பல்லுக்குச்சிய நீங்க வாங்குவீங்களா மச்சான்?"

இரவல் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பா ஆணியைக்கூட இரவல் தராதவர். திருடு போயிருக்கலாம். அதே பெயரில் இன்னொருவன் அந்த ஊரில் இருந்திருக்கலாம். பேருந்தில் ஒரு மணி நேரம்தான் அந்த ஊர். அப்பா ஒருமுறைகூடப் போனதில்லை. அங்கே யாரும் மிச்சமில்லை என்பார். யாரும் வந்து அவரைத் தேடியதுமில்லை. அவரைச் சின்ன வயதில் பார்த்த ஓர் ஆளைக்கூட இல்மார்ஸுக்குத் தெரியாது.

பெயரைச் சொன்னால் இந்த எலும்புகளுக்கு அந்தப் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். சொல்லாவிட்டால் பெயரில்லாதவர்களின் வரிசையில் வைப்பார்கள். நேற்று அம்மா, அதே பெயர் வெட்டிய அப்பாவின் கல்லறையைச் சுற்றி, ஊர் வழக்கப்படி மணலைக் கோடுகோடாக வாரினாள். தொண்ணூறு வயதில், மணல் வாரும் சீப்புக்கட்டையை யாரையும் தொட விடாமல், கோடு பிசகாமல். கடைசியில் தன் காலடித் தடத்தையும் அழித்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தாள்.

அவர் கரண்டியைக் கைக்குள் மூடிக்கொண்டார். அது சூடாகிவிட்டது.

மேட்டிலிருந்து குந்திஸ் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே குரல் கொடுத்தான்.

"பேரு ஏதாச்சும் கெடச்சுதான்னு கேக்குறாங்க மச்சான். என்ன சொல்லட்டும்?"