இரண்டு டிகிரி

...சாய்த்தது சரிதான், இரண்டு டிகிரிதானே, அதில் என்ன தப்பு, இருக்கிற அலைவரிசை கொஞ்சூண்டு, அதையே இந்த செல்போன் டவருக்கும் கொடுத்து நாலு டவர் தள்ளி இருப்பதற்கும் கொடுத்தால்தான் ஊர் முழுக்கப் பேச முடியும், ஒன்றின் அலை இன்னொன்றின் எல்லைக்குள் போய் விழுந்தால் இரண்டு பக்கமும் கரகரப்பு, அதனால்தான் ஆன்டெனாவைத் தரை பார்க்கக் குனியவைத்தாள், புகார்கள் பாதியாகக் குறைந்தன, மேனேஜர்கூட எல்லார் முன்னாலும் பாராட்டினார்... பிறகு ஏன் காருக்குள் இப்படி நிலைகொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாள்? மடியில் லேப்டாப், அதில் சிக்னல் கோடு பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு, "மேடம், இந்தத் தெருவுக்குள்ளயும் போகணுமா?" என்கிறார் டிரைவர், போகத்தான் வேண்டும், தெருத்தெருவாகச் சிக்னல் அளக்க வந்துவிட்டு இதை மட்டும் விட்டுவிட முடியுமா, தங்கை வீடு இருக்கிற தெரு என்பது அவருக்கெப்படித் தெரியும்.

போன வாரம் தங்கை அழைத்தாள், "அக்கா, அவர் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாருக்கா, இனி வரமாட்டேன்னு..." அழுகை, அவ்வளவுதான், அறுந்துபோனது. திரும்ப அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே... அந்த எல்லையைப் போட்டவளே இவள்தான், அப்போது உறைக்கவில்லை, உறைக்கவில்லையா? மறுநாள் நேரில் போயிருக்கலாம், மீட்டிங், அதற்கு மறுநாள் இன்னொன்று, வேலை கழுத்தைப் பிடித்தது, நிஜம்தான்...

கார் நிற்கிறது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தங்கை பார்த்துவிட்டாள், இறங்கி வருகிறாள், கண்ணுக்குக் கீழே கறுத்து, பாதியாய் இளைத்து.

"நீதான் கட் பண்ணிட்டேன்னு நெனச்சேன்க்கா."

"ஐயோ, டவர்டி! நான்தான் கீழ சாய்ச்சேன், உன் தெருவுல சிக்னல் விட்டுப்போச்சு. நாளைக்கே ஒரு டிகிரி ஏத்திடறேன்."

"அதனால வேற யாருக்கும் கஷ்டம் வராதே?"

வரும், பழைய கரகரப்பு பாதி திரும்பும், அந்தப் பக்கத்து டவரின் பவரைக் குறைத்துச் சமாளிக்கலாம், மேனேஜரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்... கணக்கு அதுபாட்டுக்கு ஓடுகிறது, தங்கை கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து அழத் தொடங்குகிறாள், டிரைவர் நாகரிகமாய் இறங்கிப் போய்விட்டார், இந்தத் தடவை நடுவில் அறுந்துபோக எதுவும் இல்லை, இவள் தங்கையின் கையைப் பிடித்திருக்கிறாள், பிடித்துக்கொண்டே... அன்றைக்கு அந்த அழுகை பாதியில் நின்றபோது நெஞ்சுக்குள் சட்டென்று என்னவோ லேசானதே, அது பதற்றம்தானே... பதற்றம் அப்படியா இருக்கும்?