பத்தொன்பதாவது டிகிரி

பந்தயக்காரர்கள் எல்லாருக்கும் அவன் பாம்புக்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் பட்டறைப் பலகையில்கூட இல்லை. டர்போ வைத்த இன்ஜினில் கம்பெனி கொடுத்த ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளியில் வாங்கிய ஈசியூவை மாட்டி, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று டிகிரி டிகிரியாக அதற்குச் சொல்லிக்கொடுப்பது அவன் தொழில். பொறி கொஞ்சம் முந்தினால் சக்தி கூடும். அளவுக்கு மிஞ்சி முந்தினால் உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடித்து பிஸ்டன் தலையில் அறையும். அந்த அறைக்கு நாக் என்று பெயர். சல்லிக்கல்லைத் தகரத்தில் எறிந்த மாதிரி மெலிசாக ஒரு டிக். டர்போவின் ஊளைக்கும் சைலன்சரின் அலறலுக்கும் நடுவே அந்த டிக்கைப் பிரித்தெடுக்கத் தனிக் காது வேண்டும். அந்தக் காது அவனுக்கு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன், இருக்கிறது என்று சொல்லவில்லை.

போன வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தபோது மனைவி அதட்டினாள்.

"அந்த தெர்மாமீட்டர் கத்திக் கத்தி ஓஞ்சே போச்சு. இன்னும் கக்கத்துல வச்சுக்கிட்டுத் தவம் பண்றீங்களே!"

காய்ச்சலில் காது அடைத்திருக்கிறது என்றான். காய்ச்சல் போயிற்று, காது திரும்பவில்லை. பேச்சு கேட்டது, கதவைத் தட்டினால் கேட்டது. மெலிசான, கூரான சத்தங்கள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே கசியும். பாம்புக்காதுக்குக் காது கேட்காது என்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்காதா? வாயை மூடிக்கொண்டான்.

ஈசியூவில் இந்த நாக் சத்தத்தைப் பிடிக்க ஒரு சென்சார் உண்டு. பந்தய இன்ஜினின் கடகட சத்தத்துக்கெல்லாம் அது பதறிப்போய்ப் பொறியைப் பின்னுக்கு இழுத்துவிடும். அதனால் அதை அணைத்துவிட்டு, இன்ஜினில் மைக்கைக் கவ்வவிட்டு ஹெட்போனில் கேட்பது அவன் வழக்கம். காது போன பிறகும் அந்த வழக்கத்தை அவன் விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்களே.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை புருஷனின் கார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பந்தயம். காரைச் சக்தி அளக்கும் டைனோவின் உருளைகள்மேல் ஏற்றிக் கட்டினார்கள். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தான். இவன் மடிக்கணினியோடு பக்கத்தில் நின்றான். வேடிக்கை பார்க்க வந்த தங்கை இன்னொரு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பதினாறு டிகிரியில் ஆரம்பித்தான். பதினேழு. பதினெட்டு. ஒவ்வொரு டிகிரிக்கும் திரையில் கோடு மேலே ஏறியது. காதில் டிக் இல்லை.

"இன்னும் இருக்கா மச்சான்?"

"இருக்கு மாப்ள. வண்டியே கேக்குது."

பத்தொன்பது. கோடு இன்னும் ஏறியது. தங்கை முகத்தைச் சுளித்தாள். ஓட்டம் அடங்கியதும் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணா, என்னமோ கல்லு தெறிக்கிற மாதிரி இருக்கே. டிக் டிக்குன்னு."

அவன் மடிக்கணினியைப் பார்த்தான். ஒரே ஒரு விசை தட்டினால் பதினெட்டு. தட்டினால், அவளுக்குக் கேட்டது தனக்குக் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

"அது இன்ஜெக்டர் சத்தம் பாப்பா. எல்லா வண்டியிலயும் இருக்கும்."

"அப்பாடா. நான் பயந்தே போயிட்டேன்."

"பாம்புக்காதுக்கே பாடம் எடுக்கறியா நீ?" என்று மாப்பிள்ளை காருக்குள்ளிருந்து சிரித்தான். இவனும் சிரித்தபடி பத்தொன்பதை ஈசியூவில் பதிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வளைவுக்கு முன்னால் இன்ஜின் உடைந்தது. எண்ணெய் பீறிட்டுப் பின்சக்கரங்களை நனைத்தது. கார் வழுக்கிப் பாறைச்சுவரில் மோதியது. மாப்பிள்ளைக்கு இடுப்பும் இரண்டு கால்களும் நொறுங்கின, தலையிலும் அடி, நினைவு திரும்பவில்லை. இவன் பட்டறையில் இன்ஜினைத் தனியாகப் பிரித்துப் பார்த்தான். பிஸ்டனின் ஓரம் எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. நாக் தின்ற பிஸ்டன் அப்படித்தான் இருக்கும், அவன் பார்க்காததா? அதைத் துணியில் சுற்றிக் கருவிப்பெட்டியின் அடித்தட்டில் ஒளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"பெட்ரோல்ல கலப்படம் பாப்பா" என்றான்.

நான்கு நாட்களாக அவள் அந்தப் பெட்ரோல்காரனை வாயாரச் சபித்துக்கொண்டிருந்தாள். அவன் கை விளங்காமப் போகணும், அவன் வீடு இருண்டு போகணும். பக்கத்தில் உட்கார்ந்து இவன் அத்தனையையும் வாங்கிக்கொண்டான். பேச்சு அவனுக்கு நன்றாகவே கேட்கும்.

ஐந்தாம் நாள் காலை, தங்கை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தபடி இவன் கட்டிலருகே இருந்தான். திடீரென்று நர்ஸ் ஓடிவந்து, மருந்து ஏற்றும் மெஷினில் ஒரு பொத்தானை அமுக்கினாள்.

"என்ன சார், வராண்டா வரைக்கும் கத்துது! பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" மருந்து தீர்ந்துபோயிருந்தது. புதுசு எடுத்துவர அவள் வெளியே விரைந்தாள்.

வாசலில் தங்கை பாட்டிலோடு நின்றிருந்தாள்.

"லிஃப்ட்டுகிட்டயே எனக்குக் கேட்டுச்சு" என்றாள். மெஷினைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, இப்ப அது கத்துதா, இல்லையா?"

மெஷினில் சிவப்பு விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவன் சொன்னான்.

"கத்துது பாப்பா."

"நர்ஸ் வந்ததுமே நிறுத்திட்டாங்கண்ணா."

அவள் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே கேட்டுச்சு" என்றாள். அண்ணனிடம் சொல்லவில்லை, கண் திறக்காத புருஷனிடம் சொன்னாள். "எனக்குக் கேட்டுச்சுங்க."