கழுத்துக்குக் கீழே சின்னக்கண்ணு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யை எழுதியவள் நான். அதனால் கதையையும் நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

1998 மார்ச்சில் திண்டுக்கல்லில் ஒரு சங்கம் புகைப்படக் கண்காட்சி வைத்தது. பழைய காலத்தில் ஊரில் பேர் வாங்கிய நாற்பத்திரண்டு பேரின் உருவப்படங்கள். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர், கிணறு வெட்டியவர், வக்கீல், வைத்தியர். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதித் தர என்னைப் பிடித்தார்கள். என் பெயர் சகாயசெல்வி, பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். ஓசியில் எழுத ஆள் வேண்டுமென்றால் எந்த ஊரிலும் முதலில் தமிழ் டீச்சரைத்தான் தேடுவார்கள்.

(நாற்பத்திரண்டு பேரும் ஆண்கள். கேட்டேன். "பொம்பளைக போட்டோ ஒண்ணும் கெடைக்கல டீச்சர்" என்றார்கள். அது வேறு கதை.)

இருபது படம் தாண்டுவதற்குள் கொடைவள்ளல், கருணைக்கடல் எல்லாம் தீர்ந்துவிட்டன. இருபத்தேழாவது படம் புகையிலை வியாபாரி இருதயநாதன், 1950இல் இறந்தவர். கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை. முழங்காலில் வைத்திருந்த கைகளைப் பார்த்தேன். எழுதினேன்: "இவர் கைகளைப் பாருங்கள். கொடுத்தே பழகிய கைகள்."

எழுதிவிட்டு எனக்கே மெய்சிலிர்த்தது. நான்கு பேரிடம் வாசித்தும் காட்டினேன்.

அந்தக் கைகள் இருதயநாதனுடையவை அல்ல.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பங்குனி வெயிலில் காலிப் பூக்கூடையோடு மாயக்காள் படியேறி வந்தாள்..." வேண்டாம். பூக்கூடை என்றதும் நீங்களாக ஓர் ஏழைப் பெண்ணை நினைத்துக்கொள்வீர்கள். அவருக்குச் சாணார்பட்டியில் ஒன்றரை ஏக்கர் சம்பங்கித் தோட்டமும் வற்றாத கிணறும் இருக்கின்றன. என்னிடம் அப்போது சைக்கிள்கூட இல்லை. 'வந்தாள்' என்பதும் தப்பு. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர்.

இரண்டாம் முயற்சி: "ஒரு முகத்தைத் தேடி ஒரு மகள்..." இது சினிமா போஸ்டர்.

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் சங்கக் கட்டடத்தின் மாடியில் கண்காட்சி. காலை பத்து மணி. என்னையும் நாற்பத்திரண்டு மீசைகளையும் தவிர யாரும் இல்லை. மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு மாயக்காள் மேலே வந்தார்.

"டீச்சர், செத்த நேரம் ஃபேனுக்கடியில ஒக்காந்துக்கிறட்டுமா? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு."

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். சும்மா இருக்க முடியாமல் எழுந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். நான் பெருமையாகக் கிட்டே போனேன். என் வரியைப் படிக்கிறார் என்று நினைப்பு.

"இது யாரு டீச்சர்?"

"இருதயநாதன். பள்ளிக்கூடத்துக்கு நெலம் குடுத்தவரு."

"தலை அவரா இருக்கலாம்" என்றார். "கை எங்க அப்பா கை."

3

நின்றபடியே சொன்னார். சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். சுருக்கும்போது உயிர் போய்விடுகிறது என்பதும் தெரிகிறது.

அப்பா பெயர் சின்னக்கண்ணு. சிறுமலை அடிவாரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழைத்தார் வண்டி ஓட்டியவர். மாயக்காளுக்குப் பதினோரு மாதம் ஆகும்போது காய்ச்சலில் போய்விட்டார். வயது இருபத்தாறு. படம் கிடையாது. ஆனால் அம்மா ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"டவுன்ல ஒரு ஸ்டுடியோக்காரர் அப்பாவக் கூப்ட்டு, கோட்டுப் போட்டு ஒக்கார வச்சுப் படம் புடிச்சாராம். படத்தக் கேட்டுப் போனா அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வான்னே சொன்னாராம். அதுக்குள்ள அப்பாவும் போயிட்டாரு. அம்மா இதச் சொல்லாத ஆளு கெடையாது. ஊரே சிரிச்சுச்சு. வண்டிக்காரன் கோட்டுப் போட்டானாம்னு. எனக்குப் பேரே கோட்டுக்காரன் மகதான். பள்ளிக்கூடத்துல, கல்யாணத்துல, எங்க போனாலும்."

"கைய வச்சு எப்படிச் சொல்றீங்க?"

"இடது கைச் சுண்டுவெரலப் பாருங்க. பாதிதான் இருக்கு. கரும்பாலையில போயிருச்சுன்னு அம்மா சொல்லும்."

பார்த்தேன். நான் அதுவரை அவர் விரலை மடக்கியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கொடுத்தே பழகிய கைகளில் விரல்களை எண்ணிப் பார்க்கக்கூட இல்லை.

மாயக்காள் கண்ணாடிமேல் விரல் படாமல் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். "மூஞ்சி மட்டும் இல்ல, பாத்தீங்களா" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

4

இங்கே எனக்கே மாயக்காள்மேல் சந்தேகம் வந்தது என்பதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை. பாதி விரல் போனவர்கள் கரும்பாலை இருந்த ஊர்களில் எத்தனையோ பேர். அப்பா முகம் தெரியாத ஒருவர் எந்தப் படத்திலும் அப்பாவைப் பார்க்க மாட்டாரா? நல்ல கதாபாத்திரம் என்றால் கொஞ்சம் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அவர் கதாபாத்திரம் இல்லை என்று நினைக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.)

படத்தைக் கொடுத்தவர் இருதயநாதனின் பேரன் பிராங்க்ளின். ஐம்பத்தாறு வயது. கோபப்படுவார் என்று நினைத்துத்தான் போனேன். காபி கொடுத்தார்.

"எட்டு வயசு வரைக்கும் தாத்தா கையப் புடிச்சுத்தான் கோயிலுக்குப் போவேன் டீச்சர். பத்து வெரலும் இருந்துச்சு. மோதிரம் போட்ட கை, நல்லா மெத்துன்னு இருக்கும். அந்தப் படத்துல இருக்குற கை அது இல்லைன்னு எனக்குச் சின்னதுலயே தெரியும். யார்ட்டயும் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா படத்த எறக்கிருவாங்கல்ல. தாத்தாவுக்கு வேற படம் இல்ல."

5

ஒரு படம், அதை விட முடியாத இரண்டு பேர். ஒருவரிடம் கை நினைவாக இருக்கிறது, முகம் படமாக இருக்கிறது. இன்னொருவரிடம் கை படமாக இருக்கிறது, முகம் எங்குமே இல்லை. இந்த இடத்தில் கட்டுரையாளர் ஒருவர் நினைவு, வரலாறு, சாதி, தலை, உடல் என்று இரண்டு பக்கம் எழுதுவார். எனக்கும் ஆசைதான். ஆனால் மாயக்காள் கேட்டது அது ஒன்றும் இல்லை. "படத்துல மாத்துறதுக்கு முன்னாடி அப்பா மூஞ்சி இருந்திருக்கும்ல டீச்சர்?" என்றுதான் கேட்டார்.

அதற்குப் பதில், படத்தின் பின்பக்கம் பெயர் ஒட்டியிருந்த கமலா ஸ்டுடியோவில் இருந்தது. ஸ்டுடியோவை நடத்திய பெரியவர் 1974இல் காலமாகிவிட்டார். நானும் மாயக்காளும் போனபோது மகன் மதியழகன் இருந்தார். எதையும் மறைக்கவில்லை.

"அந்தக் காலத்துல இது சகஜம். ஆளு செத்த பெறகுதான் படம் வேணும்னு வருவாக. குரூப் போட்டோவுல பின்வரிசையில தலை மட்டும் தெரியும். அதப் பெருசாக்கி, அதே வாட்டத்துல இன்னொரு ஆள உக்கார வச்சு எடுத்து, ரெண்டையும் ஒட்டி, கழுத்துல பிரஷ் போட்டுருவாரு எங்க அப்பா. கோட்டு ஸ்டுடியோ கோட்டு."*

* திரும்பப் போய் எண்ணினேன். நாற்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் ஒரே நாற்காலியில். நான்கு பேர் ஒரே கோட்டில், இரண்டாவது பொத்தான் நால்வருக்கும் இல்லை.

பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினார். உள்ளே கட்டுக்கட்டாகக் காகித உறைகள். பிலிமுக்குப் பதிலாக அப்போது கண்ணாடியில்தான் படம் பிடிப்பார்கள்; அந்தக் கண்ணாடி நெகட்டிவ் போடும் உறைகள். நாலாவது கட்டில் ஓர் உறைமேல் பெரியவரின் கையெழுத்து: "சின்னக்கண்ணு, வாழை வண்டி. கோட்டு. இருதயநாதனுக்காக. 1951."

மாயக்காள் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

உறை காலி.

6

மதியழகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்பா போன பிறகு, தொழில் படுத்திருந்த நேரத்தில், மற்றவர்கள் படங்களுக்குச் சட்டம் போட, கண்ணாடிக்காகப் பழைய நெகட்டிவ்களை எடுத்துவிட்டாராம்.

"வெந்நியில சோடா உப்புப் போட்டு ஊற வச்சா படம் பால் ஆடை மாதிரி உரிஞ்சு வந்துரும். சுத்தமான கண்ணாடி. கொஞ்ச நாள்ல சலிச்சுப் போயி, கழுவாமலே அட்டைக்குப் பதிலா படத்துக்குப் பின்னாடி வச்சு அடிச்சேன். அட்டையக் கரையான் அரிக்கும், கண்ணாடிய அரிக்காதுல்ல. அப்படி ஒரு எரநூறு போயிருக்கும்."

"எங்க அப்பா கழுவுனதுலயா, கழுவாததுலயா?" என்றார் மாயக்காள்.

"தெரியலக்கா" என்றார் மதியழகன்.

7

முடிவு, முதல் வகை: இருதயநாதன் படத்தைச் சுவரிலிருந்து இறக்குகிறார்கள். பின்பக்க ஆணிகளைப் பிடுங்குகிறார்கள். அந்தப் படத்துக்குப் பின்னாலேயே, இத்தனை ஆண்டும் அங்கேயே, சின்னக்கண்ணு இருக்கிறார்.

அழகான முடிவு. அந்தப் படத்துக்கும் பிற்பாடு சட்டம் மாற்றியவர் மதியழகன்தான். அதைத்தான் முதலில் சோதித்தோம். பிராங்க்ளினே திருப்புளியோடு வந்தார். அட்டை இருந்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது.

இரண்டாம் வகை: நாங்கள் விடாமல் தேடுகிறோம். இதுவும் நடந்தது. இரண்டு வருடத்தில், தாடிக்கொம்பிலும் சாணார்பட்டியிலும் டவுனிலும் பதினோரு வீடுகளில் கமலா ஸ்டுடியோ சட்டங்களைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பெண் இருந்தாள். ஒரு தாத்தாவுக்குப் பின்னால் தொட்டிலில் குழந்தை. வக்கீல் ஒருவர் வீட்டில் ஒரு நாய், வெகு கம்பீரமாக. ஒவ்வொரு கண்ணாடியையும் மாயக்காள்தான் முதலில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இல்ல" என்று என்னிடம் தருவார். அந்த "இல்ல"வை அவர் சொன்ன விதத்தை எழுத எனக்கு வரவில்லை. பதினோராவது வீட்டுக்குப் பிறகு ஆட்கள் கதவைத் திறக்கத் தயங்கினார்கள். சாமி படத்தைக் கழற்றுகிற பெண்கள் என்று பேர் வந்துவிட்டது.

மூன்றாம் வகை: 2004இல் மதியழகன் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "ஒங்க சின்ன வயசுப் படம் இருந்தா குடுங்கக்கா. அத வச்சே ஆம்பள மொகமா மாத்தி, கோட்டுக்கு மேல வச்சுத் தாரேன். அச்சு அசலா இருக்கும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக்கூட ஆசையாக இருந்தது.

"ஏற்கெனவே ஒருத்தர் மொகத்த வச்சாச்சு" என்றார் மாயக்காள். "இன்னொருத்தர் மொகம் எதுக்கு தம்பி? நீங்க அந்தத் தலைய மட்டும் எடுத்துட்டுக் குடுங்க."

அப்படியே எடுத்துக் கொடுத்தார். பிராங்க்ளின் தடை சொல்லவில்லை. அந்தப் படம் இப்போது மாயக்காள் வீட்டு நடுச்சுவரில் இருக்கிறது. காலர் வரைக்கும் கோட்டு, அதற்கு மேல் வெள்ளை. பண்டிகை நாளில் மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல், சம்பங்கியைச் சட்டத்தின் அடியில், கைகளுக்குக் கிட்டே வைக்கிறார். படத்துக்குப் பின்னால் அந்தக் காலி உறையைச் செருகி வைத்திருக்கிறார். கண்ணாடி வந்தால் போட உறை வேண்டுமே என்கிறார்.

8

சங்கம் பிறகு கண்காட்சிக்கு நினைவு மலர் வெளியிட்டது. நான் என் வரியைத் திருத்தி, "கைகள்: சின்னக்கண்ணு, வாழை வண்டிக்காரர்" என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் பழைய வரியே வந்தது. கொடுத்தே பழகிய கைகள். அதைப் பார்த்த அன்று எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒன்பது வருடம் கழித்து, 2007இல், இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

இதற்கு முடிவு என்னிடம் இல்லை. உங்களில் ஒருவர் வீட்டில் இருக்கலாம்.

திண்டுக்கல் பக்கம் உங்களுக்கு வீடோ உறவோ இருந்தால், பழைய படச் சட்டங்களைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கமலா ஸ்டுடியோ என்று நீலத்தில் ஒட்டியிருந்தால் நான்கு ஆணிகளையும் மெதுவாகப் பிடுங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தக அளவில் கண்ணாடி இருக்கும். துடைக்காதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும் தெரியும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் முதலில் சுண்டுவிரல்களைப் பாருங்கள். ஒன்று பாதிதான் இருந்தால், அப்புறம் மேலே பாருங்கள்.

என்னைத் தேட வேண்டாம். எனக்கு முன்னால் பார்க்க வேண்டியவர் இருக்கிறார். கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு சாணார்பட்டியில் இறங்கி, கோட்டுக்காரன் மக வீடு எது என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் ஆள் சிரிப்பார். சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்.